மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைப் பயிற்சி: எந்த மாதிரி நிறுவனத்தை நம்பிச் சேரலாம்?

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலைப் பயிற்சி தருகிறோம் என்று சொல்லும் தொண்டு நிறுவனங்களை வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே சிரித்த முகப் படங்கள், அதே தன்னம்பிக்கை வாசகங்கள், இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்ற எண்ணிக்கை. உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு விதமான காரியங்கள் நடக்கின்றன. ஒரு இடத்தில் நிறுவனமே ஒரு பட்டறை வைத்து, அதற்குள்ளேயே வேலை கொடுக்கிறது. இன்னொரு இடத்தில் வகுப்பறை, பாடத்திட்டம், சான்றிதழ். மூன்றாவது வகை, முதலில் வெளியே ஒரு வேலையைத் தேடிக் கொடுத்துவிட்டு, அந்த வேலை நடக்கும் இடத்துக்கே வந்து கற்றுக்கொடுக்கிறது. நான்காவது வகை ஒரு மருத்துவமனைக்குள்ளோ பெரிய கம்பெனிக்குள்ளோ இடம் பிடித்து, அங்கேயே சில மாதங்கள் அல்லது ஒரு வருடம் பயிற்சி நடத்துகிறது. எதில் சேர்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவருடைய சம்பளம், நண்பர்கள், தினசரி வாழ்க்கை எல்லாமே வேறு மாதிரி ஆகிவிடும். ஆனாலும் பலர் இதை முடிவு செய்வது எது பக்கத்தில் இருக்கிறது, யார் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதை வைத்துத்தான்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைவிட, வேலையில் சேர்ந்த பிறகு அந்த நிறுவனம் எவ்வளவு காலம் கூடவே நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏனென்றால் வேலை பறிபோவதற்குத் திறமைக் குறைவு மட்டுமே காரணமாக இருப்பதில்லை. புரிந்து நடந்துகொண்ட மேற்பார்வையாளர் மாற்றலாகிப் போகிறார், புதியவருக்கு எதுவும் தெரியாது. ஷிப்ட் நேரம் மாறுகிறது, அந்த நேரத்துக்கு வண்டி இல்லை. புதிய மென்பொருள் வருகிறது, பார்வையற்றவருக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரோடு அது ஒத்துப்போகவில்லை. மனநலப் பாதிப்பு உள்ளவர் இரண்டு வாரம் படுத்துவிடுகிறார், திரும்பிப் போகப் பயம். இந்த நேரத்தில் போன் எடுத்து அந்த மேலாளரிடம் பேச ஒரு ஆள் இருந்தால் வேலை தங்கும், இல்லாவிட்டால் போகும். கீழே நான்கு வகைகளையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன்.

நிறுவனத்தின் சொந்தப் பட்டறை

இதுதான் பழைய மாதிரி. 1902-இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர், வசதியான வீடுகளிலிருந்து பழைய துணிகளையும் சாமான்களையும் வாங்கி, ஏழைகளைக் கொண்டு பழுது பார்த்து விற்கத் தொடங்கினார். அதுதான் பிறகு குட்வில் என்ற தொண்டு நிறுவனம் ஆனது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் பிரிட்டன் 1944-இல் ஒரு சட்டம் போட்டு, காயம்பட்ட வீரர்களுக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் அரசுத் தொழிற்சாலைகளை ஏற்படுத்தியது. ரெம்ப்லாய் என்ற அந்த அமைப்பின் முதல் தொழிற்சாலை 1946-இல் வேல்ஸில் திறந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய முன்னேற்றம். வீட்டிலேயே முடங்கியிருந்தவர்கள் காலையில் கிளம்பிப் போய்ச் சம்பாதித்து வந்தார்கள்.

நல்லதை மறைக்கக் கூடாது. பட்டறையில் யாரும் கேலி செய்ய மாட்டார்கள். கழிப்பறை, சாய்வுப்பாதை, மருந்து நேரம் எல்லாம் ஏற்கெனவே யோசித்துச் செய்யப்பட்டிருக்கும். நண்பர்கள் கிடைப்பார்கள். பெற்றோருக்கு, குறிப்பாக நாள் முழுவதும் கூடவே இருக்க வேண்டிய பிள்ளையை வைத்திருக்கும் அம்மாவுக்கு, பகலில் சில மணி நேரம் கிடைக்கும். இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

பிரச்சினை இரண்டு. ஒன்று சம்பளம். அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டத்தில் 14(சி) என்றொரு பிரிவு இருக்கிறது. சிறப்புச் சான்றிதழ் பெற்ற நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. ஸ்டாப்வாட்ச் வைத்து ஒருவர் எத்தனை நிமிடத்தில் எத்தனை பொருள் செய்கிறார் என்று அளந்து, அந்த விகிதத்தில் கூலி. மற்ற தொழிலாளிக்கு இப்படி யாரும் அளப்பதில்லை. பல மாநிலங்கள் இதைத் தங்கள் எல்லைக்குள் தடை செய்துவிட்டன. வேறு நாடுகளில் இதே விஷயம் "ஊக்கத்தொகை", "கைச்செலவு" என்ற பெயர்களில் நடக்கிறது, கூலி என்று சொன்னால்தானே சட்டம் வரும். இரண்டாவது பிரச்சினை, இங்கே பழகிக்கொண்டு பிறகு வெளியே போகலாம் என்று சொல்லித்தான் சேர்க்கிறார்கள், ஆனால் வெளியே போகிறவர்கள் மிகக் குறைவு. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் வேண்டியதில்லை. நன்றாக வேலை செய்கிறவரை வெளியே அனுப்பினால் பட்டறையின் உற்பத்தி குறையும். ஆர்டரை யார் முடிப்பது? அந்த அமைப்பே அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

2006-இல் ஐநா ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, திறந்த, எல்லோரையும் உள்ளடக்கிய வேலைச் சூழலில் வேலை செய்து பிழைக்கும் உரிமையைச் சொல்கிறது. 2022-இல் அந்த உடன்படிக்கையின் குழு வெளியிட்ட விளக்கம் இன்னும் நேரடியாக, தனியாகப் பிரித்து வைக்கும் பட்டறைகளைப் படிப்படியாக விட்டுவிட வேண்டும் என்கிறது. பிரிட்டனில் 2011-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பாடுபடும் லிஸ் செய்ஸ் அரசுக்குக் கொடுத்த அறிக்கையும் இதே திசைதான்: தொழிற்சாலைகளில் கொஞ்சம் பேருக்காகச் செலவாகும் பணத்தைக் கொண்டு, வெளி வேலைகளில் இருக்கும் பல மடங்கு பேருக்கு உதவலாம். 2013-இல் ரெம்ப்லாயின் கடைசித் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. ஆனால் அப்படி வேலை இழந்தவர்களில் பலருக்கு உடனே வேறு வேலை கிடைக்கவில்லை, நண்பர்களும் போனார்கள், நாள் முழுக்க வீடு. அதனால் பட்டறையே தப்பு, நாளைக்கே மூடு என்று பேசுகிறவர்களோடு என்னால் சேர முடியாது. மாற்று ஏற்பாடு செய்துவிட்டு மூடுவது வேறு, செலவைக் குறைக்க மூடுவது வேறு.

பட்டறை மாதிரியிலேயே கௌரவமான வடிவம் ஒன்று இத்தாலியில் இருக்கிறது. 1991-ஆம் ஆண்டின் 381-ஆம் எண் சட்டப்படி அமைந்த பி வகைச் சமூகக் கூட்டுறவுகளில் தொழிலாளர்களில் குறைந்தது 30 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாகவோ வேறு விதத்தில் வேலைச் சந்தையில் ஒதுக்கப்பட்டவர்களாகவோ இருக்க வேண்டும். மீதிப் பேர் மற்றவர்கள். எல்லோரும் ஒரே இடத்தில் வேலை, சந்தையில் விலை போகிற வேலை. நீங்கள் பார்க்கும் பட்டறை இப்படி இருக்கிறதா என்று மூன்று விஷயத்தில் கண்டுபிடித்துவிடலாம்: சட்டப்படியான கூலி கொடுக்கிறார்களா, மாற்றுத்திறன் இல்லாதவர்களும் பக்கத்தில் அதே வேலையைச் செய்கிறார்களா, வாங்குகிறவர்கள் பொருள் வேண்டும் என்று வாங்குகிறார்களா அல்லது இரக்கப்பட்டு வாங்குகிறார்களா. மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் அது ஒரு வேலை இடம். இல்லாவிட்டால் அது ஒரு பகல் நேரப் பராமரிப்பு மையம். அதுவும் தேவைதான், ஆனால் அதற்கு வேலைப் பயிற்சி என்று பெயர் வைக்கக் கூடாது.

வகுப்பறையும் சான்றிதழும்

இந்த வகையைப் பற்றி எனக்கு இரண்டு மனம். யாருக்கு என்பதைப் பொறுத்து இது மிக நல்லதாகவும் வீணாகவும் இருக்கும்.

பார்வை போய்ச் சில மாதங்களே ஆன ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்காளராக இருந்தவர். அவருக்கு உடனே வேலை தேடிக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. வெள்ளைக் கோலோடு நடக்க, போனைத் திரையைப் பார்க்காமல் கையாள, சுட்டியைத் தொடாமல் விசைப்பலகை மட்டும் வைத்துக் கணினியை ஓட்ட, விரிதாளில் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று காதால் தெரிந்துகொள்ளக் கற்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் பொறுமையான பயிற்சி தேவை, அதை அலுவலக நெருக்கடிக்கு நடுவில் கற்க முடியாது. ஜாஸ் போன்ற ஸ்கிரீன் ரீடர்களுக்கு நிறையப் பணம் கொடுக்க வேண்டியிருந்த காலத்தில் இந்த மையங்கள்தான் ஒரே வழி. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை எழுதத் தொடங்கியதிலிருந்து கருவி யாருக்கும் கிடைக்கிறது. ஆனால் அதை வேகமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் ஆள்தான் இன்னும் கிடைப்பதில்லை. பார்வையற்ற பயிற்சியாளர்களே கற்றுக்கொடுக்கும் மையம் கிடைத்தால், மற்ற குறைகளைப் பொறுத்துக்கொண்டு அங்கே சேருங்கள்.

காது கேளாதவர்களுக்கும் நல்ல தொழில் வகுப்பு மிகவும் உதவும். ஆனால் ஒரு நிபந்தனை, பாடம் சைகை மொழியில் நடக்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் மொழிபெயர்ப்பாளர் வருவார், மற்ற நாளில் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றால் அது பாடமே இல்லை, வருகைப் பதிவுதான்.

சரி, எங்கே இது வீணாகிறது? அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில். வகுப்பறையில் ஒரு மாதிரிக் கடை வைத்து அடுக்குகளில் பொருள் வைக்கப் பழக்குவார்கள், நன்றாகச் செய்வார். உண்மையான கடைக்குப் போனால் அடுக்கு வேறு உயரம், வெளிச்சம் வேறு, சத்தம் வேறு, வாடிக்கையாளர் வேறு ஏதோ கேட்கிறார். ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போவதுதான் அவர்களுக்குக் கடினம். அதையே நம்பி ஒரு பயிற்சி முறையைக் கட்டுவது நியாயமில்லை. இன்னொன்று, "இன்னும் தயாராகவில்லை" என்ற தீர்ப்பு. முதல் நிலை, இரண்டாம் நிலை, முன்தொழில் பயிற்சி என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போவார்கள். முப்பது வயது ஆகியும் "முன்தொழில்" பயிற்சியிலேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற இளைஞர்கள் எல்லோரும் முழுத் தயாரிப்போடுதான் முதல் வேலைக்குப் போனார்களா? போய்த்தானே கற்றார்கள்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் விதத்தையும் கவனியுங்கள். மெழுகுவத்தி, காகிதப்பை, கூடை முடைவது, தட்டச்சு என்று சில பயிற்சிகள் எங்கே போனாலும் இருக்கும். அதற்குக் காரணம் அந்த வேலைக்கு ஆள் தேவைப்படுவது இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் கிடைக்கிறார், கொடையாளிக்குக் காட்டப் பொருள் கிடைக்கிறது. இந்தப் பயிற்சியை முடித்தவர்களை வேலைக்கு எடுத்த முதலாளிகள் யார் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

முதலில் வேலை, அங்கேயே பயிற்சி

என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும்.

1970-களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர், எதையுமே கற்க முடியாதவர்கள் என்று விடுதிகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, அதிகம் பேசாமல், கையால் காட்டி, சரியாகும்வரை வேறு விதமாக முயன்று கற்றுக்கொடுத்தார். ஒருவர் கற்றுக்கொள்ளாவிட்டால் கற்றுக்கொடுத்த விதம்தான் சரியில்லை என்பது அவருடைய அணுகுமுறை. அங்கிருந்து ஒரு பெரிய கேள்வி வந்தது: இப்படிக் கற்றுக்கொடுக்க முடியும் என்றால் அதை ஏன் பயிற்சி மையத்தில் செய்ய வேண்டும், உண்மையான வேலை நடக்கும் இடத்திலேயே செய்தால் என்ன? வேலைப் பயிற்சியாளர், அதாவது ஜாப் கோச், என்ற பதவி இப்படித்தான் பரவியது. 1986-இல் அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத் திருத்தத்தில் உதவியோடு கூடிய வேலைவாய்ப்பு என்று இது சட்டத்திலேயே ஏறியது.

நடைமுறையில் இப்படி இருக்கும். முதலில் அவருக்கு என்ன பிடிக்கும், எந்த நேரத்தில் சுறுசுறுப்பு, எது எரிச்சலூட்டும் என்று பேசியும் கூட இருந்து பார்த்தும் தெரிந்துகொள்வார்கள். பிறகு அதற்கேற்ற முதலாளியைத் தேடுவார்கள். விளம்பரம் வந்த வேலைகளை மட்டும் பார்க்காமல், ஒரு அலுவலகத்தில் எல்லோருடைய நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தின்னும் வேலைகளை, உதாரணமாகக் கோப்புகளை ஸ்கேன் செய்வது, பொருள் இருப்பை நிரப்புவது, இவற்றைச் சேர்த்து ஒரு புதிய பதவியாக உருவாக்கச் சொல்லிப் பேசுவார்கள். சேர்ந்த முதல் நாட்களில் கோச் கூடவே இருப்பார். பிறகு பாதி நாள், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு போன். நல்ல கோச்சின் அடையாளம் அவர் பின்வாங்கும் விதம். சக ஊழியர்கள் அந்த ஊழியரிடம் பேசுவதற்குப் பதில் கோச்சிடமே பேசிக்கொண்டிருந்தால் ஏதோ தவறாகப் போகிறது என்று அர்த்தம். பக்கத்து மேசைக்காரர் இயல்பாக உதவும் நிலையை உருவாக்கிவிட்டு விலகுவதுதான் அவருடைய தொழில்.

மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இதே அணுகுமுறையை 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் ஐபிஎஸ் (Individual Placement and Support, அதாவது ஒவ்வொருவருக்கும் ஏற்ற வேலையும் தொடர் உதவியும்) என்ற முறையாக வடிவமைத்தார்கள். வேலை வேண்டும் என்று சொல்லும் யாரையும் நோயின் பெயரைச் சொல்லி ஒதுக்கக் கூடாது, நீண்ட முன்பயிற்சி எதுவும் இல்லாமல் சீக்கிரமே தேடலைத் தொடங்க வேண்டும், வேலை உதவியாளரும் சிகிச்சை தரும் குழுவும் ஒன்றாக இயங்க வேண்டும், உதவிக்கு முடிவுத் தேதி கிடையாது. இதைச் சோதித்த ஆய்வுகளில் ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2007-இல் தி லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. லண்டன், உல்ம், ரிமினி, சூரிக், குரோனிங்கன், சோஃபியா என்று ஆறு நகரங்களில் கடுமையான மனநோய் உள்ள 312 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு ஐபிஎஸ், பாதிப் பேருக்கு அந்தந்த ஊரின் வழக்கமான தொழில் மறுவாழ்வுச் சேவை, அதாவது பயிற்சி கொடுத்துவிட்டுப் பிறகு வேலைக்கு அனுப்புவது. 18 மாதத்தில் வெளிவேலையில் ஒரு நாளாவது இருந்தவர்கள் முதல் குழுவில் 55 சதவீதம், இரண்டாவதில் 28 சதவீதம். ஒரு நாளாவது என்பது மிகக் குறைந்த அளவுகோல் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் குறைந்த அளவைக்கூட வழக்கமான சேவையில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமானவர்கள் தொடவில்லையே. வேலை அழுத்தத்தால் நோய் திரும்பிவிடும் என்று பயப்படும் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மருத்துவமனையில் மறுபடி சேர வேண்டிவந்தவர்களும் ஐபிஎஸ் குழுவில்தான் குறைவு.

குறைகளும் உண்டு. எல்லாம் அந்த ஒரு கோச்சை நம்பி இருக்கிறது. குறைந்த சம்பளத்துக்கு இளைஞர்களை எடுத்து ஆறு மாதத்தில் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடும் நிறுவனமாக இருந்தால் இந்த முறையே நிற்காது. ஐபிஎஸ் முறைப்படி ஒரு வேலை உதவியாளர் அதிகபட்சம் 20 முதல் 25 பேரைத்தான் பார்க்கலாம், முழுநேரமும் அந்த வேலை மட்டும். ஒருவர் எழுபது எண்பது பேரைப் பார்க்கிறார் என்றால் பெயர்தான் உதவி. இன்னொரு குறை, அவசரத்தில் ஏதோ ஒரு வேலையில் தள்ளிவிடுவது. பட்டப்படிப்பு முடித்த சக்கர நாற்காலிப் பயனாளியைத் தொலைபேசி மையத்திலும், ஆட்டிசம் உள்ள, படம் வரைவதில் கெட்டிக்காரரான பெண்ணைத் துப்புரவு வேலையிலும் சேர்த்துவிட்டு, "வேலை கிடைத்தது" என்று கணக்கு எழுதினால் அது வெற்றி இல்லை.

அப்புறம் காலக்கெடு. அமெரிக்காவின் அரசு மறுவாழ்வுத் துறையில் ஒருவர் 90 நாள் வேலையில் நீடித்தால், வேறு சேவை தேவையில்லை என்று முடிவானபின் வெற்றி என்று கோப்பை மூடலாம். நிதி கொடுக்கும் அமைப்புகள் வேறு நாடுகளிலும் இப்படி ஒரு எல்லை வைத்திருப்பார்கள், எண்ணிக்கைதான் மாறும். எல்லை வைப்பதில் நிர்வாக நியாயம் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு முக்கியம் 91-ஆவது நாள். அன்றைக்குப் போன் செய்தால் யார் எடுப்பார்கள், அவருடைய சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இதற்குத் தெளிவான பதில் சொல்லும் நிறுவனத்தை நான் மற்ற எதையும் பார்க்காமலே பாதி நம்பிவிடுவேன்.

கம்பெனிக்குள் ஒரு வருடம்

பள்ளி முடிக்கும் வயதில் இருக்கும் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இது அருமையான பாலம். 1996-இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் எரின் ரீல் என்ற செவிலியர், அவசர சிகிச்சைப் பிரிவில் பொருட்களை நிரப்பும் வேலைக்கு ஆள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்து, இதற்கு மாற்றுத்திறன் உள்ள இளைஞர்களைப் பயிற்றுவித்தால் என்ன என்று தொடங்கியது புராஜெக்ட் சர்ச். இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஒரு கல்வியாண்டு முழுக்க மருத்துவமனையோ அலுவலகமோதான் பள்ளி. மூன்று வெவ்வேறு துறைகளில் மாற்றி மாற்றி வேலை, ஒரு ஆசிரியரும் கோச்சுகளும் அங்கேயே இருப்பார்கள். வேலை செய்வது உண்மையான வேலை என்பதால் வகுப்பறையின் அந்தப் பெரிய குறை இதில் இல்லை. பிள்ளைக்கு என்ன வரும் என்பதைப் பெற்றோர் முதல் தடவையாகக் கண்ணால் பார்ப்பதும் இங்கேதான்.

டென்மார்க்கில் 2004-இல் தோர்கில் சோன் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னே இன்னொரு மாதிரி. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை அவர். நேர்காணலில் கண்ணைப் பார்த்துப் பேசத் தெரியாததால் நல்ல வேலைகளை இழந்துகொண்டிருந்தவர்களுக்கு, லெகோ ரோபோக்களை உருவாக்கக் கொடுத்து அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்த்து, மென்பொருள் சோதனை போன்ற வேலைகளில் சேர்த்தார். நேர்காணலுக்குப் பதில் வேலையையே செய்து காட்டச் சொல்வது என்ற எண்ணம் இங்கிருந்து பல கம்பெனிகளுக்குப் போனது. ஆனால் ஆட்டிசம் உள்ள எல்லோரும் கணினியில் கெட்டிக்காரர்கள் என்று ஒரு பிம்பமும் கூடவே பரவிவிட்டது, அது மற்றவர்களுக்கு நல்லதில்லை.

இந்த வகையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் தேர்வுமுறை. இடம் குறைவு, அதனால் ஏற்கெனவே ஓரளவு சமாளிக்கிறவர்களையே எடுக்கும் போக்கு உண்டு. அந்த ஒரு வருடத்துக்குச் சம்பளம் இருக்காது என்பது பல இடங்களில் வழக்கம். வருட முடிவில் அந்தக் கம்பெனியே வேலைக்கு எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எடுக்காவிட்டால் வேறு இடத்தில் தேடித் தருவது யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று ஒதுக்கீட்டுக் கணக்கு. ஊழியர்களில் மாற்றுத்திறனாளிகள் ஜெர்மனியில் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் 5 சதவீதம், பிரான்ஸில் 6 சதவீதம் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஜப்பானில் இந்த அளவு 2024 ஏப்ரலில் 2.5 சதவீதமாக உயர்ந்தது. இதனால் கதவு திறக்கிறது, அது பெரிய நன்மை. ஆனால் எண்ணிக்கைக்காக எடுத்துவிட்டு வேலையே கொடுக்காமல் உட்கார வைப்பதும் நடக்கிறது. ஜப்பானில் சில கம்பெனிகள் தங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத வாடகைப் பண்ணைகளில் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைத்துக் கணக்குக் காட்டியதாகப் பெரிய விவாதமே நடந்தது. சம்பளம் வருகிறதே, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒருவருடைய நாள் முழுவதும் யாருக்கும் தேவையில்லாமல் போவது என்ன செய்யும் என்பதை அவரிடமே கேட்டால் தெரியும்.

யாருக்கு எது

பார்வை அல்லது கேட்கும் திறனைச் சமீபத்தில் இழந்தவர்களுக்கு முதலில் மையம், பிறகு வேலை. முதுகுத்தண்டு காயம் அல்லது பக்கவாதத்துக்குப் பிறகு இருப்பவர்கள் புதிய பயிற்சியைத் தேடுவதற்கு முன்னால் பழைய வேலைக்கே திரும்ப முடியுமா என்று பாருங்கள். பழைய முதலாளியிடம் பேசித் தரும் நிறுவனம் எந்தச் சான்றிதழையும்விட மேல். தேவைப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் மேசை உயரம், நேரம், வீட்டிலிருந்து சில நாள் போன்றவைதான். அமெரிக்காவில் இதற்கென்றே இயங்கும் ஜேஏஎன் என்ற ஆலோசனை அமைப்பு முதலாளிகளிடம் தொடர்ந்து நடத்திவரும் கணக்கெடுப்பில் ஏறக்குறைய பாதி மாற்றங்களுக்குச் செலவே ஆகவில்லை என்று வருகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநலப் பாதிப்பு என்றால் தயக்கமில்லாமல் மூன்றாவது வகை, பள்ளி வயதாக இருந்தால் நான்காவது. மிக அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பட்டறைதான் என்று பலர் சட்டென்று சொல்வார்கள். வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் வெளியில் ஒரு சின்ன வேலை, மீதி நேரம் மையம் என்று கலந்து செய்யும் நிறுவனம் இருந்தால் அதைத் தேடுங்கள். மணி நேரம் குறைவு என்பதால் அது குறைந்த வேலை ஆகிவிடாது.

எந்த வகையாக இருந்தாலும் வெற்றி விகிதத்தைக் கேட்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. "பயிற்சி முடித்தவர்களில் இத்தனை சதவீதம் வேலையில்" என்பார்கள். முடித்தவர்களில் என்று கணக்கிட்டால் நடுவில் நின்றவர்கள் காணாமல் போவார்கள். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலை கிடைத்து ஒரு வருடம் கழித்தும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நூறு சதவீதம் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், அவர் சுலபமானவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார். "இருபது பேர் சேர்ந்தார்கள், ஒன்பது பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், நான்கு பேர் விட்டுவிட்டார்கள், அவர்களோடு மறுபடி தேடிக்கொண்டிருக்கிறோம்" என்கிற மாதிரி பேசுகிறவரிடம் நிம்மதியாகச் சேரலாம். அங்கே ஏற்கெனவே படித்த ஒருவரோடு ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பேசவும் அனுமதி கேளுங்கள். நிறுவனத்தின் சொந்தச் சம்பளப் பட்டியலில், அதுவும் முடிவெடுக்கும் இடத்தில், மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்களா என்பதும் முக்கியம். மற்ற முதலாளிகளை எடுக்கச் சொல்லிவிட்டுத் தாங்கள் ஒருவரைக்கூட எடுக்காத நிறுவனம் முதலாளியிடம் போய் என்ன பேசும்?

பண உதவி விஷயத்தையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும். மாதாந்திர உதவித்தொகையோ மருத்துவச் சலுகையோ வாங்குகிறவர், சம்பளம் ஒரு அளவைத் தாண்டினால் அதை இழக்க நேரலாம். எந்த அளவு, வேலை போனால் மறுபடி கிடைக்குமா என்பது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி. இந்தப் பயத்தாலேயே குடும்பங்கள் வேலைக்கு அனுப்பத் தயங்குகின்றன, அந்தத் தயக்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஐபிஎஸ் முறையில் இந்த ஆலோசனையே ஒரு கட்டாய அங்கம். உங்கள் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டத் தெரியாத நிறுவனம் அரைவாசி வேலைதான் செய்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு, எங்கள் பக்கத்தில் இருப்பதே ஒரே ஒரு தையல் பயிற்சி மையம்தான், இதில் எங்கே தேர்ந்தெடுப்பது என்று கேட்கலாம். அந்த மையத்திலேயே சேருங்கள், ஆனால் சேரும்போதே மூன்று மாதம் கழித்து ஒரு வெளி வேலை இடத்தில் சில நாள் முயன்று பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், மையத்தின் ஊழியர் ஒருவரை அந்தச் சில நாளும் துணைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஜாப் கோச் என்ற பதவி இல்லாத நிறுவனத்தில்கூட, மனம் உள்ள ஒரு ஊழியர் அதைச் செய்ய முடியும். பிள்ளையை அழைத்துப் போகும்போது பேச்சு முழுவதும் உங்களுக்கும் மேலாளருக்கும் நடுவிலேயே நடந்துவிடாமல், "நீ என்ன வேலை செய்ய ஆசைப்படுகிறாய்?" என்று அந்த மேலாளர் பிள்ளையிடம் நேராகக் கேட்கிறாரா, பதில் வர நேரமானாலும் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். கேட்காவிட்டால் நீங்களே அவர் முன்னால் கேளுங்கள், சேர்க்கைப் படிவத்தில் அந்தப் பதிலை எழுத வையுங்கள்.